இனிப்பு நீரும் மூளையும் மஞ்சளும்

நோய்களுக்குப் பெயரிடுவதில் மக்கள் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. தமிழர் ‘நீரிழிவு’ என்றனர். இழிதல் என்பது மேலிருந்து கீழே ஒழுகுதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்று எழுதும்போது நாம் கையாள்வது அச்சொல்லே. உடலில் தங்காது நீர் ஒழுகிப்போகும் நோய் என்பது அப்பெயரின் பொருள். கிரேக்கர் வைத்த ‘டயாபிட்டீஸ்’ என்னும் பெயருக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே பொருளாம். வடமொழி மருத்துவ நூலார் ‘மதுமேகம்’ என்றனர். மலாய்க்காரர் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்கின்றனர். நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் ‘இனிப்பு நீர்’ என்றே சொல்லிப் பழகினர். முதலிரு பெயர்கள் ஒழுக்கைக் கண்டன. ஏனையவை இனிப்பைக் கண்டன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பழைய இந்திய மருத்துவர் குறித்து வைத்திருப்பதும் நாம் அறிந்ததே.

ஆனால் இப்பெயர்களுள் ஒன்றேனும் தலையைச் சுட்டவில்லை. இந்நோய் கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. மூளையையும் கெடுக்கும் என்பது அண்மைக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. அது உறுதிப்பட்ட நாளிலிருந்து, மூளையைக் காக்கத் தாவரங்களில் மருந்து உண்டு, அதிலும் மஞ்சளில் உண்டு என்னும் பேச்சும் பெருகியது. நம் ஆசிரியர் அறைகளில் தேநீர்க் கோப்பையின் அருகே மஞ்சள் மாத்திரைக் குப்பியைக் காண்பது இப்போது அரிதன்று. மலேசிய நலவாழ்வு அமைச்சின் தேசிய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்தியரிடையே அவ்விகிதம் மற்ற பேரினத்தாரிடம் காணப்பட்டதைவிட மிகுதியாக இருந்தது. ஆதலால் இப்பேச்சு எவ்வாறு பிறந்தது, எவ்வளவு மெய்ப்பிக்கப்பட்டது என்று வரலாற்று முறையில் காண்பது நமக்குக் கடமையாகிறது.

மேலைநாட்டில் சிறுநீரின் இனிப்பை எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1674ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் அக்குறிப்பு உள்ளது. அக்கால மருத்துவர் சிறுநீரைச் சுவைத்தே நோயறிந்தனர். இதில் ஒரு வியப்பு உண்டு. இதே வில்லிஸ்தான் 1664இல் மூளையின் உறுப்பமைப்பைப் பற்றிய பெருநூலை எழுதியவர். அந்நூலின் படங்களுட் சிலவற்றை வரைந்தவர், பின்னாளில் இலண்டன் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். மூளையின் அடிப்புறத்தில் வளையமாக அமைந்த குருதிக் குழாய்களுக்கு இன்றும் வில்லிஸின் பெயரே வழங்குகிறது. நெடுநாள் துயரம் நீரிழிவை உண்டாக்கும் என்றும் அவர் கருதினார். மனத்திலிருந்து நோய்க்கு ஒரு வழி இருப்பதாக எண்ணியவருக்கு, நோயிலிருந்து மூளைக்கு ஒரு வழி இருப்பது தோன்றவில்லை. அதற்காக அவரைக் குறை கூறுதல் தகாது. நோயாளி நெடுநாள் வாழ்ந்தாலன்றோ மூளையின் தளர்ச்சி வெளிப்படும்? இன்சுலின் வருமுன் கடுநீரிழிவு கண்டவர் ஓரிரு ஆண்டுகளில் மாண்டனர்.

டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் 1921இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர்; 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. அதே 1922இல் அமெரிக்காவில் மைல்ஸ், ரூட் என்னும் இருவர் நீரிழிவாளரின் நினைவையும் கவனத்தையும் சோதித்து, அவை சற்றே குறைந்திருப்பதாக எழுதினர். உயிர் காக்கும் மருந்தின் பேரொளியில் அச்சிறு கட்டுரை கவனம் பெறவில்லை. நோயாளிகள் இருபது, முப்பது ஆண்டுகள் வாழத் தொடங்கிய பின்னரே அதன் பொருள் விளங்கிற்று. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 6,370 முதியோரைத் தொடர்ந்து கண்ட ஆய்வு 1999இல் வெளியாயிற்று. நீரிழிவு உடையோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, இல்லாதோரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று அது காட்டிற்று. பிற நாடுகளின் ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. மறதிநோயை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்று பெயரிட்டு 2005இல் அமெரிக்க அறிஞர் சிலர் எழுதினர். அப்பெயர் கவர்ச்சியானதே; ஆயினும் மருத்துவ உலகம் அதனை முறையான பெயராக ஏற்கவில்லை.

மூளை ஏன் இவ்வாறு தாக்குறுகிறது? நம் உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்கே. அது செலவிடும் உயிர்வளியோ, உடல் முழுவதும் செலவிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு. தன் உணவாகிய சர்க்கரையைப் பெற மூளை பெரும்பாலும் இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை. குருதியில் சர்க்கரை மிகும்போது மூளைக்குள்ளும் அது மிகுகிறது. உயிரணுக்களின் உள்ளே சர்க்கரையை எரித்து ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புகளை இழைமணிகள் என்பர். அடுப்பில் விறகை அளவுக்கு மேல் திணித்தால் புகை எழுகிறதன்றோ? அதுபோல் இழைமணிகளில் சர்க்கரை மிதமிஞ்சினால், வேதியியலார் ‘தனி உறுப்புகள்’ என்று கூறும் நிலையற்ற துகள்கள் பெருகுகின்றன. அவை தொட்டவற்றையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும். மூளையோ எளிதில் சிதையும் கொழுப்பு நிறைந்த உறுப்பு. நீரிழிவின் பலவகைக் கேடுகளுக்கும் இப்புகையே பொதுவான ஊற்று என்று மைக்கேல் பிரவுன்லி என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 2001இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுதல், உயர் குருதியழுத்தம், சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் மயக்க நிலைகள் ஆகியனவும் மூளையைக் கெடுப்பதில் பங்கு கொள்கின்றன. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்துரைக்கப்படவில்லை.

தனி உறுப்புகளே முதுமைக்குக் காரணம் என்னும் கருத்தை டென்ஹாம் ஹார்மன் 1956இலேயே வெளியிட்டிருந்தார். இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் சிக்குப் பிடிப்பதும் ஆக்சிஜனேற்றமே. எண்ணெயைக் கெடாமல் காக்கும் பொருள்கள் உள்ளன. அவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். தாவரங்கள் நாள் முழுவதும் வெயிலில் நிற்பவை. ஓடி ஒளிய இயலாத அவை, தம்மைக் காத்துக்கொள்ள இத்தகைய பொருள்களை ஏராளமாக ஆக்கி வைத்துள்ளன. பழங்களின் நிறம், தேயிலையின் துவர்ப்பு, மஞ்சளின் மஞ்சள் எல்லாம் இவ்வினத்தைச் சார்ந்தவை. எண்ணெயைக் காப்பது மூளையையும் காக்காதோ என்னும் வினா இங்ஙனம் எழுந்தது.

மஞ்சளின் வரலாறு தனியே கூறத்தக்கது. வோகல், பெல்தியே என்னும் இருவர் 1815இல் மஞ்சட் கிழங்கிலிருந்து நிறப்பொருளைப் பிரித்து, அதற்குக் குர்குமின் என்று பெயரிட்டனர். அதன் வேதியியல் அமைப்பை மிலோபெண்ட்ஸ்கா, கொஸ்தனெத்ஸ்கி, லாம்பே என்னும் மூவர் 1910இல் கண்டறிந்தனர். அது நுண்ணுயிர்களைத் தடுப்பதாக 1949இல் ஓர் ஆய்வு வந்தது. நம் பாட்டிமார் புண்ணுக்கு மஞ்சள் பூசியதன் காரணம் அப்போது ஆய்வுக்கூடத்தில் தெரியலாயிற்று. 1972இல் சீனிவாசன் என்பார் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குறிப்பு வெளியிட்டார். ஒரே ஒரு நீரிழிவாளருக்குக் குர்குமின் கொடுத்தபோது குருதிச் சர்க்கரை எவ்வாறு மாறிற்று என்பது பற்றியது அக்குறிப்பு. இரண்டு பக்கம்கூட நிறையாத அதுவே இன்று பல்லாயிரமாகப் பெருகிவிட்ட ஆய்வுத்தாள்களுக்கு ஒரு முன்னோடி. குர்குமின் ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்பதை சர்மா என்னும் ஆய்வாளர் 1976இல் காட்டினார்.

நீரிழிவு, மூளை, மஞ்சள் ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைத்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது சண்டிகாரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அனுராக் குஹாட், கன்வல்ஜித் சோப்ரா ஆகியோர் அதனை 2007இல் வெளியிட்டனர். மாணவர்க்கு விளக்குவதற்கு ஏற்ற ஆய்வு அது. பெரிய வட்டத் தொட்டியில் அடி தெரியாதபடி கலங்கிய நீர் நிரப்பப்படும். நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். எலியை நீரில் விட்டால் அது நீந்தித் தேடி மேடையைக் கண்டுபிடிக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் விட்டால், சுற்றுப்புற அடையாளங்களை நினைவிற்கொண்டு விரைவில் சென்றடையும். நினைவு கெட்ட எலியோ ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேடும். ரிச்சர்டு மோரிஸ் என்பார் வகுத்த முறை இது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகள் மேடையைக் காண மிகவும் தடுமாறின. குர்குமின் ஊட்டப்பட்ட நீரிழிவு எலிகளின் தடுமாற்றம் குறைந்தது. அவற்றின் மூளையில் ஆக்சிஜனேற்றக் கேட்டின் அடையாளங்களும் குறைந்திருந்தன.

இத்தகைய முடிவு நாளிதழுக்கு வரும்போது ‘மஞ்சள் நீரிழிவாளரின் மூளையைக் காக்கும்’ என்று தலைப்பாகிவிடுகிறது. எலி என்னும் சொல் மூன்றாம் பத்தியில் இருக்கும். அவ்வெலிகளுக்கு நீரிழிவு எவ்வாறு வந்தது என்பது எப்பத்தியிலும் இராது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் நச்சை ஊசியால் ஏற்றுவர். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்கள் சில நாள்களில் அழியும். நம்மவரிடையே மிகுந்து காணப்படுவதோ, உடற்பருமனாலும் பரம்பரையாலும் உழைப்பின்மையாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிர்ந்து வரும் இரண்டாம் வகை. இரண்டின் விளைவுகளும் ஒன்றே என்று கொள்வதற்கு இடமில்லை.

அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவரே போடலாம். எலிக்குக் கொடுத்தது, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் குர்குமின். அறுபது கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 3.6 கிராம். சிற்றுயிர்களின் உடலியக்கம் விரைவானது; ஆதலால் ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்கிடுவது ஆய்வாளர் வழக்கம். அவ்வாறு குறைத்தால் 0.6 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆகவே நாள்தோறும் 20 கிராம் தூள் வேண்டும். ஒரு குடும்பத்தின் குழம்புக்கு இடுவது ஒரு தேக்கரண்டி, அஃதாவது மூன்று கிராம் அளவு. இருபது கிராம் இட்ட குழம்பை எவர் உண்பார்? உண்டாலும் குருதியில் கலப்பது அரிது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நலமாயிருந்தோர் 2 கிராம் குர்குமின் உட்கொண்ட பின்னும் குருதியில் அது கண்டறிய இயலாத அளவிலோ மிகச் சிறிய அளவிலோதான் இருந்தது. மிளகின் காரச்சத்தாகிய பைப்பரினில் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ஏறத்தாழ 20 மடங்கு மிகுந்தது. மஞ்சளோடு மிளகைச் சேர்த்த நம் முன்னோரின் அறிவைப் புகழ இச்செய்தியை மேடைகளில் எடுத்தாள்வர். புகழட்டும். ஆனால் மிகச் சிறியதன் இருபது மடங்கும் சிறியதே. அம்மிளகுச் சத்து வேறு சில மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தக்கூடியது என்பதை மேடையில் எவரும் கூறுவதில்லை.

சிங்கப்பூரில் மனிதரிடமே ஓர் ஆய்வு நடந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், 60 முதல் 93 வயதுவரையிலான 1,010 பேரிடம் கறி உண்ணும் வழக்கத்தைக் கேட்டறிந்து, அறிவாற்றலையும் சோதித்தனர். எப்போதாவது உண்பவரும் அடிக்கடி உண்பவரும், உண்ணாதவரையும் மிக அரிதாக உண்பவரையும்விட மிகுந்த மதிப்பெண் பெற்றனர். 2006இல் வெளிவந்த இச்செய்தி நம் செவிக்கு இனியது. ஆயினும் தலைமையாசிரியனாகிய எனக்கு இங்கு ஓர் ஐயம் எழுகிறது. துணைவகுப்புக்குச் செல்லும் மாணவர் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றால், அது வகுப்பின் பயனா, வகுப்புக்கு அனுப்ப வல்ல பெற்றோரைப் பெற்றதன் பயனா? ஆய்வாளர் கல்வி முதலிய பலவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டனர். எல்லாவற்றையும் எவராலும் எடுத்துக்கொள்ள இயலாது. கறியை விரும்பி உண்ணும் முதியவர் நண்பரோடு வெளியே சென்று உண்பவராகவும் இருக்கலாமன்றோ?

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. அவ்வழி கோலாலம்பூரிலேயே நூறாண்டுகளுக்கு முன் நடந்து காட்டப்பட்டது. நம் பாடநூல்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், நரம்புகள் செயலிழக்கும், உடல் வீங்கும், நெஞ்சம் தளர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே அந்நோய் அரிதாக இருந்தது. தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க்காரரிடமும் அரிது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பார் இவ்வேறுபாட்டை நோக்கி, அரிசியே காரணம் என்றார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. ஆயினும் இது நோக்கியறிந்த வேறுபாடு மட்டுமே. தமிழரும் சீனரும் உணவில் மட்டுமா வேறுபட்டனர்? இருப்பிடம், தொழில், நீர், பழக்கம் எல்லாமே வேறு. சிங்கப்பூர்க் கறி ஆய்வுக்கு நாம் எழுப்பிய அதே ஐயத்தைப் பிராடனுக்கும் எழுப்பலாம். அக்காலத்தில் எழுப்பவும் செய்தனர்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905இல் பெரிபெரி பரவியபோது, வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை உணவுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர் ஒரு பகுதிக்கு. இரட்டைப்படை எண் வந்தவர் மறுபகுதிக்கு. முன்னவருக்குத் தீட்டிய பச்சரிசி. பின்னவருக்குப் புழுங்கல் அரிசி. மற்றவை யாவும் ஒன்றே. ஒருவேளை கட்டடத்திலேயே நோய் ஒட்டியிருக்குமோ என்று கருதி, இடையில் இரு சாராரின் இருப்பிடத்தையும் மாற்றினார். பச்சரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவருள் நோயோடு வந்து சேர்ந்த இருவரைத் தவிரப் புதிதாக எவரும் நோயுறவில்லை. இம்முடிவு 1907இல் இலண்டன் மருத்துவ இதழாகிய லான்செட்டில் வெளியாயிற்று. தம் விருப்பத்தைக் கூற இயலாத நோயாளிகளை இவ்வாறு ஆய்வுக்கு உட்படுத்தல் இன்று ஒப்பப்படாது, ஒப்பவும் கூடாது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த பிரேசர், ஸ்டான்டன் இருவரும் நெகிரி செம்பிலான் காட்டுப்பகுதியில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளரிடையே இதனை மேலும் உறுதிசெய்தனர். தவிட்டிலுள்ள பொருளே நரம்பைக் காக்கிறது என்பது புலனாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அப்பொருள் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. சாவகத்தில் ஜான்சன், டொனாத் ஆகிய இருவர் 1926இல் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதனைத் தயமின் அல்லது வைட்டமின் பி1 என்கிறோம்.

தாவரப் பொருளொன்று நரம்பைக் காக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய பேராய்வுகளுள் இவையும் அடங்கும். ஆகவே தாவரம் காக்குமா என்று கேட்டால், காக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் இதே ஒற்றைப்படை இரட்டைப்படைத் தேர்வில் என்ன ஆயின என்பதே வினா.

அத்தேர்வும் நடந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், கேரட்டின் நிறப்பொருளாகிய பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவருக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்தது. 1994இல் இம்முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. இங்கிலாந்தில் நடந்த ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. நெஞ்சநோயோ குருதிக்குழாய் நோயோ நீரிழிவோ உடைய 20,536 பேர் அதில் சேர்ந்தனர். அவருள் நீரிழிவாளர் மட்டும் 5,963 பேர். பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் கொடுக்கப்பட்டன. பாதிப் பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரை. யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஐந்தாண்டுகள் கழித்து 2002இல் முடிவு வெளியாயிற்று. இறப்பிலோ நெஞ்சநோயிலோ பக்கவாதத்திலோ அறிவாற்றல் குறைவிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

குர்குமினைப் பொறுத்தவரை இவ்வளவு பெரிய தேர்வு இன்னும் நடைபெறவில்லை. ஹாங்காங்கில் மறதிநோயாளர் 34 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது, பயன் காணப்படவில்லை. கலிபோர்னியாவில் மறதிநோய் இல்லாத 40 பேருக்கு, எளிதில் குருதியில் கலக்கும்படி ஆக்கப்பட்ட குர்குமினைப் பதினெட்டு மாதம் கொடுத்தபோது நினைவு சற்று மேம்பட்டதாக 2018இல் எழுதினர். நாற்பது பேர் என்பது நம் பள்ளியின் ஒரு வகுப்பு. நீரிழிவாளரின் மூளைக்கென்று நடத்தப்பட்ட தேர்வும் அன்று அது. 2017இல் வேதியியலார் சிலர் குர்குமின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, மற்றொரு குறையையும் காட்டினர். ஆய்வுக்கூடத்துச் சோதனைகள் பலவற்றில் குர்குமின் தன் நிறத்தாலும் நிலையின்மையாலும் பொய்யான வெற்றியைக் காட்டக்கூடியதாம்.

எண்ணெயைக் காக்கும் பொருள் மாந்தரிடம் ஏன் தோற்றது? தனி உறுப்புகள் முற்றிலும் பகையல்ல என்பது ஒரு காரணம். உயிரணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும், நோய்க்கிருமிகளைக் கொல்லவும் அவை வேண்டும். மற்றொன்று, தாவரப் பொருள்கள் உடலுள் புகையைத் துடைக்கும் துணியாக வேலை செய்வதில்லை என்று அறிஞர் இன்று கருதுகின்றனர். அவற்றை உடல் சிறு நச்சாகவே எண்ணி, தன் காவலைத் தானே தட்டி எழுப்புகிறதாம். இதற்குரிய அணுநிலைப் பொறிமுறையை ஜப்பானிய அறிஞர் யமமோட்டோவும் குழுவினரும் 1990களின் இறுதியில் விளக்கினர். இக்கருத்து எலியளவில் வலுவுடையது.

தாவரங்களிலிருந்து நீரிழிவுக்கு மெய்யான மருந்து வந்ததே இல்லையோ என்று ஒருவர் கேட்கலாம். வந்தது, வந்த வழிதான் வேறு. கலேகா என்பது ஐரோப்பாவில் ஊதாப் பூப் பூக்கும் ஒரு செடி. பால் பெருகவும் காய்ச்சல் தணியவும் அதனை நாட்டு மருத்துவர் பயன்படுத்தினர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1891இல் தீவனமாகப் பயிரிட்டபோது, தின்ற ஆடுகள் இறந்தன. குவானிடின் என்னும் பொருளும் அதன் இனத்தனவும் அச்செடியில் உள்ளன. குவானிடின் குருதிச் சர்க்கரையைத் தாழ்த்துவது 1918இல் தெரிந்தது. அதனையொட்டி 1926இல் ஆக்கப்பட்ட சிந்தாலின் என்னும் மருந்து கல்லீரலைக் கெடுத்ததால் பின்னர்க் கைவிடப்பட்டது. அதே இனத்தைச் சார்ந்த மெட்ஃபார்மின், டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்பாரால் 1922இல் ஆக்கப்பட்டும் ஏறிட்டுப் பார்ப்பாரின்றிக் கிடந்தது. ஜான் ஸ்டேர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1957இல் அதனை நீரிழிவாளருக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். 1998இல் முடிந்த பிரிட்டானியப் பேராய்வுக்குப் பின்னரே அது உலகெங்கும் முதல் மருந்தாயிற்று. நம் மருத்துவகங்களில் காலையும் மாலையும் உண்ணச் சொல்லித் தரும் வெள்ளை மாத்திரை அதுவே. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரிக்கப்பட்ட புளோரிசினும் இவ்வாறே நெடுவழி வந்து, இந்நூற்றாண்டில் புதிய மருந்தினம் ஒன்றுக்கு முன்மாதிரியாயிற்று. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றிக் குருதிச் சர்க்கரையைக் குறைப்பது அவ்வினத்தின் வேலை. இவ்விரண்டும் ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்னும் தகுதியால் மருந்தாகவில்லை.

இவ்வெள்ளை மாத்திரையை ‘இரசாயனம்’ என்று தள்ளிவிட்டு, ‘இயற்கை’ என்று மஞ்சள் மாத்திரையை நாடும் ஆசிரியரை நான் அறிவேன். முன்னது ஒரு செடியின் வழித்தோன்றல் என்றும், பின்னது கிழங்கிலுள்ள பொருளைப் பல மடங்கு செறிவாக்கியது என்றும் அவரிடம் கூறினேன். அவர் நகைத்தார், மாத்திரையை மாற்றவில்லை. செறிவாக்கிய மஞ்சட் பொருளை உண்டோருள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை இத்தாலி நாட்டு அதிகாரிகள் 2019இல் பதிவுசெய்தனர். அமெரிக்காவிலும் பின்னர் அத்தகையோர் காணப்பட்டனர். குழம்பிலிடும் மஞ்சளைப் பற்றிய செய்தியன்று இது. ஆயினும் தூளிலும் கவனம் வேண்டும். வங்காள தேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பேற்ற ஈயக் குரோமேட்டைக் கலந்தது 2019இல் வெளிப்பட்டது. ஈயமோ மூளைக்கு நஞ்சு. பிள்ளைகளின் மூளைக்குக் கொடிய நஞ்சு. அந்நாட்டு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்து அவ்வழக்கத்தைப் பெரிதும் ஒடுக்கியது.

இறுதியாக ஓர் ஆய்வைக் கூறவேண்டும். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையிலான 1,260 பேரை இரு சாராராகப் பிரித்தனர். இவர்கள் மறதிநோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்கள். ஒரு சாராருக்கு வழக்கமான நலவாழ்வு அறிவுரை மட்டும். மற்றவருக்கு உணவு முறை, உடற்பயிற்சி, நினைவுப் பயிற்சி, குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் அடிக்கடி அளத்தல் ஆகிய நான்கும் சேர்த்து இரண்டாண்டுகள் நடந்தன. 2015இல் வெளிவந்த முடிவில், இவர்களின் அறிவாற்றல் மற்றவரைவிட மேம்பட்டிருந்தது. உணவு முறையில் காய்கறி, பழம், முழுத் தானியம், மீன் முதலியன இருந்தன. நான்கினுள் எது எவ்வளவு உதவிற்று என்று பிரித்துக் காண அவ்வாய்வு அமைக்கப்படவில்லை.